புள்ளியின் இடத்தில் வந்தவை

இன்று காலை, நேற்று வாங்கிய கைபேசி மணியடித்தது. திரையில் உன் பெயர். புதிதாக ஒரு மின்னஞ்சல். நீ இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது.

உன் கடிதங்கள் கண்ணில் படாதிருக்க இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒரு வடிகட்டி எழுதினேன். எல்லாம் ஒரு மறைவான பெட்டியில் விழும். உன் வீட்டுத் தொலைபேசி எண்களையும் தடுத்துவைத்தேன். எனக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு உனக்குப் போனது. அதைக்கூட விட்டிருப்பேன். மன்னார்புரம் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் என் திரையைக் காட்டி நீ சொன்னதை விட முடியவில்லை.

"புள்ளிய புள்ளின்னே நம்பிண்டிருக்கான் பாருங்கோ, பாவம். முன்னாடி ஒரு சாய்கோடு போடுடா. இல்லேன்னா அந்த எடத்துல எவன் வந்து நின்னாலும் உள்ள விட்டுடும்."

தேடல் வாய்பாட்டில் வெறும் புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து; முன்னால் சாய்கோடு இருந்தால்தான் அது புள்ளி. எனக்குத் தெரியாததில்லை. அவசரத்தில் விட்டுப்போகும், அவ்வளவுதான்.

புதுக் கைபேசி அந்தப் பெட்டியை வெளியே எடுத்துப் போட்டிருந்தது. திறந்தேன். வரிசையாக உன் பெயர். மேலே இருந்த நான்கும் நீ எழுதியவை அல்ல. வீட்டுக்கென்று உன் பெயரிலேயே நீ தொடங்கிய முகவரியிலிருந்து உன் மனைவி எழுதியவை. உன் முகவரியில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி. வீட்டு முகவரியில் அதே இடத்தில் சிறு கோடு. என் வடிகட்டியில் புள்ளிக்கு முன் சாய்கோடு இல்லை. அந்தக் கோடும், அதோடு அவர் கடிதங்களும் உள்ளே போய்விட்டன.

"ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. உங்களைக் கேக்கறார்."

"கதவு சத்தம் கேட்டா நீங்கதானான்னு பாக்கறார்."

"நாளைக்குக் காலம்பற எட்டு மணிக்கு எடுக்கறோம்."

நான் இருக்கும் காட்டூரிலிருந்து உன் ஸ்ரீரங்கம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பழைய அலுவலகத்து ஆள் ஒருவர் சொல்லி எனக்குத் தெரிந்தபோது நீ போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. சாவுக்கே சொல்லாத வீடு என்று கறுவிக்கொண்டு அப்போதும் போகவில்லை.

இன்று வந்தது நான்காவது. "உங்க மேல வருத்தமில்லை. 'புள்ளிக்கு முன்னாடி கோட்டை விட்டிருப்பான், உன் லெட்டரும் எங்கயோ விழுந்துண்டிருக்கும். நான் போனப்புறமும் எழுதிப் போடு, என்னிக்காவது திறப்பான்'னு சொன்னார். மெஷின் தப்புதானே?"

படிக்கும்போது என் தோளுக்கு மேலே நீ குனிந்து திரையைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் திரும்பவில்லை.

உன்னை அடைத்தது இயந்திரம் இல்லை என்பதை நீ உன் மனைவியிடம் சொல்லாமலே போயிருக்கிறாய். நான் எழுதினேன்: "மெஷின் தப்பில்லைங்க. அவர் எழுதறது என் கண்ல படக்கூடாதுன்னு நான்தான் அடைச்சேன்."

மத்தியானமே பதில் வந்துவிட்டது, உன் பெயரில். திட்டியிருந்தால் தாங்குவேன். மன்னித்திருந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைத் திறக்காமல் கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.