வரி வாங்காத குடி

பங்குனி 12, புதன்

வெயில் இப்போதே சித்திரை மாதிரி. காலை இறவையில் தண்ணீர் இறைத்து முடிப்பதற்குள் தோட்டத்துக் கிணற்றில் சகதி. செய்ய வேண்டியவை: கிணற்று வடம் மாற்றுவது, விறகுக்குப் பருத்திமார் ஏற்றுவது, மாட்டுக்கு லாடம், மண்ணெண்ணெய் (கிடைத்தால்).

ராசிபுரம் சந்தைக்கு மச்சானுடன் ஒரே வண்டியில் போனது தப்பு. வழி நெடுகக் குப்புசாமி பேச்சுதான். ரங்கூனில் குண்டு விழுந்ததும் கப்பலேறி வந்த குடும்பம். புருஷன், பெண்டாட்டி தங்கம், கைக்குழந்தை. மாசியிலிருந்து என் தோட்டத்துச் சாளைக் கொட்டகையில் இருக்கிறார்கள். இந்த ஊரிலேயே குடியேற, ஊர்மனை நத்தத்தில் ஒரு குடிசை அளவு இடம் கேட்கிறான். வேறொன்றும் கேட்கவில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அவர் சொன்னால் ஊர் கேட்கும். ஆகவே ஆகாது என்கிறார்.

"மழையில்லீங்க மாப்பிள்ளை. ஊர்க்கெணத்துல ஊத்து இல்லை. இன்னைக்கு ஒரு குடிக்கு எடம் குடுத்தா நாளைக்கு ஒம்பது குடி வரும். அப்ப உங்க நாயத்தையா மொண்டு குடிக்கிறது?"

போன வருஷம், பர்மாவுக்கு இந்தியர் இனி இஷ்டத்துக்கு வரக்கூடாதென்று சட்டம் பேசுகிறார்களாம் என்று பத்திரிகையைப் படித்துக் காட்டினேன். இதே மனிதர் தொடையைத் தட்டினார். "நம்மாளுங்க வரக்கூடாதுன்னு சொல்ல அவனாரு?" என்றார். இன்று அதை நினைவூட்டினேன். "அது வேற, இது வேறங்க." எப்படி வேறு என்று கேட்டேன். மாட்டை அதட்டினார்.

திரும்பும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி. மண்ணெண்ணெய் இல்லை.

பங்குனி 15, சனி

வடம் மாற்றியாயிற்று. உள்ளங்கையில் கொப்புளம்.

குப்புசாமிக்கு வாயை மூடத் தெரியவில்லை. ஊர்க்கிணற்றடியில் நின்று, "ரங்கூன்ல குழாயைத் திருகினா தண்ணிங்க, ராத்திரி பகல் கிடையாது" என்றானாம். அரைக் குடம் தண்ணீருக்குக் காத்து நிற்கிற பெண்களிடம்! இவனுக்காக நான் ஊரோடு மல்லுக்கு நிற்கிறேன்.

அவன் அப்பன் ஊர் ஆத்தூர்ப் பக்கம். முதலில் அங்கேதான் போயிருக்கிறான். பங்கு கேட்க வந்துவிட்டான் என்று பங்காளிகள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பாவாயி அண்ணன் கட்சி. என் மனைவி என்றுதான் பெயர். "பாவந்தானுங்க. அதுக்குன்னு குடி வெச்சுக்க முடியுமா?" என்கிறாள். சொல்லிக்கொண்டே தங்கத்துக்கு மோர் ஊற்றுகிறாள். குழந்தைக்குத் தன் சேலையைக் கிழித்துத் தூளி கட்டிக் கொடுத்ததும் இவள்தான். நானோ வாதம் செய்வதோடு சரி. யாரை நொந்துகொள்வது?

பங்குனி 18, செவ்வாய்

கோயில் முன்பு மாரியம்மன் பண்டிகைக் கூட்டம். குடிக்கு இவ்வளவு வரி என்று வைத்தார்கள். வழக்கமான கூச்சல்: மேளத்துக்கு யார், வாணவேடிக்கை உண்டா (வெடிமருந்து எங்கே கிடைக்கும்), போன வருஷம் பந்தல் ஏன் சாய்ந்தது.

எழுந்து பேசினேன். உடுத்த துணியோடு வந்த குடும்பம், இந்த வருஷம் குப்புசாமியிடம் வரி வாங்க வேண்டாம், ஊர் இரக்கம் காட்ட வேண்டும் என்று. நன்றாகவே பேசினேன். மறுபேச்சில்லை. மச்சானே முதல் ஆளாக, "மாப்பிள்ளை சொல்றது சரிதானுங்க. வாங்க வேண்டாம்" என்றார். என்னால் நம்பவே முடியவில்லை. கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தேன்.

பாவாயி கரண்டியோடு நின்றுவிட்டாள். "வரி வேண்டாம்னு நீங்களே சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அவிங்க ஊரில்லைன்னு ஆயிப்போச்சேங்க."

தட்டைத் தள்ளி வைத்தேன். வரி கொடுக்கிற வீடுதான் குடி. அந்த வீட்டுக்குத்தான் நத்தத்தில் இடம், கோயிலில் மாவிளக்கு, சாவுக்கு நாலு பேர். இது ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பத்திரிகையில் நிவாரணம் நிவாரணம் என்று படித்துப் படித்து அதே பாஷையில் பேசிவிட்டு வந்திருக்கிறேன். மடையன்.

பங்குனி 19, புதன்

விடிந்ததும் குப்புசாமி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் வரியை வேண்டாம்னு சொல்ல நீங்க யாருங்க?"

மறுபடி பாயைக் காட்டினேன்.

"எங்கப்பா ரங்கூன்ல இருந்துகிட்டே வருஷா வருஷம் ஊருக்கு வரி அனுப்புவாருங்க. வேலையில்லாத வருஷமும் அனுப்பினாரு. கதவைச் சாத்தின பங்காளிங்ககூட அதை வேண்டாம்னு சொன்னதில்லைங்க. நீங்க சொல்லிட்டீங்க."

திட்டியிருந்தால் தேவலை. கடைசிவரை 'ங்க' போட்டே பேசினான். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

லாடம் அடிக்கிறவர் வரவில்லை.

பங்குனி 21, வெள்ளி

மச்சான் வீட்டுக்குப் போனேன். எள் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வரி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், நான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"நீங்க சொன்னீங்க, ஊரு ஒத்துக்கிச்சு. சாமி முன்னால பேசுனதை மாத்தலாமுங்களா?"

வேண்டுமென்றே செய்தீர்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "வேண்டாம்னு நான் வண்டியிலயே நேராச் சொன்னனே, ஒளிச்சனா? வழி பண்ணிக் குடுத்தது நீங்கதானுங்க."

அதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சல். எதிர்த்தவர் பேச்சு மாறாமல் இருக்கிறார், ஆதரித்த நான் கெடுத்துவிட்டேன். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வந்தேன். அதற்கும் பாவாயியிடம் ஏச்சு.

பங்குனி 25, செவ்வாய்

கோயில் முன்பு அம்மனுக்குப் பண்டிகைக் கம்பம் நட்டார்கள். இனி அதைப் பிடுங்கும்வரை ஊர்க்காரர் யாரும் இரவு வெளியூரில் தங்கக்கூடாது. தண்டோரா போட்டாயிற்று.

பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கம்பத்துக்கு ஊற்றப் போனார்கள். தங்கமும் ஈரச் சேலையோடு போனாள். கம்பத்தருகே போகும்வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் வரிசையிலிருந்து ஒரு குரல்: "வரி குடுத்த ஊட்டுப் பொம்பளைங்கதான் ஊத்தோணும் அம்மிணி."

குடத்தை இறக்காமலே சாளைக்குத் திரும்பிப் போனாளாம். பாவாயி வந்து சொல்லி அழுதாள். அண்ணன் கட்சிக்காரிக்கு என்ன அழுகை என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அழுகை வந்தது, மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டேன்.

பங்குனி 27, வியாழன்

மச்சானின் மகளும் மருமகனும் மதராஸ் பட்டணத்திலிருந்து வந்திறங்கினார்கள். அங்கேயும் குண்டு விழும் என்று தெருத்தெருவாகக் காலி செய்கிறார்களாம். வண்டி நிறைய டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின், கூண்டில் கிளி. மாலையே அந்தப் பெண் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் மச்சானிடம் கேட்டேன். மருமகன் இந்த ஊருக்கு எந்த வருஷம் வரி கொடுத்தார்?

"அது எங்கூட்டுப் புள்ளைங்க."

குண்டுக்குப் பயந்துதானே இவளும் வந்தாள், தங்கமும் வந்தாள்?

"அது வேற, இது வேறங்க." கிளிக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இனி இந்த மனிதரோடு அரசியல் பேசினால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். (இதை முன்பும் எழுதியிருக்கிறேன்.)

பங்குனி 28, வெள்ளி

இறவைக்குப் போனால் சாளை பெருக்கிச் சுத்தமாகக் கிடக்கிறது. தூளிச் சேலையை மடித்து வாசலில் வைத்திருந்தார்கள். ராசிபுரம் பாதையில் குப்புசாமி தலையில் பாய்ச்சுருள் தெரிந்தது. ஓடினேன்.

எனக்கு முன்னால் மச்சான். வழியை மறித்து நிற்கிறார், வேர்த்துக் கொட்டுகிறது.

"கம்பம் நட்டப்பறம் குடி கெளம்புனா ஊருக்கு ஆகாதுப்பா. நில்லு. கம்பம் புடுங்குனப்பறம் எங்க வேணும்னாலும் போய்க்கோ."

நானும் கையை நீட்டி அதையே சொன்னேன். எனக்கு அம்மன் பயம் இல்லை. நின்றால் போதும், எப்படியாவது பேசிச் சரிக்கட்டலாம் என்ற நப்பாசை.

தங்கம் பேசினாள். இத்தனை நாளில் என் எதிரே வாய் திறக்காதவள்.

"நாங்க குடியில்லைன்னு ஊர் கூடித்தானே முடிவு பண்ணினீங்க? நாங்க போனா ஊருக்கு என்னங்க ஆகும்?"

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். பாதையை விட்டு ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன். குழந்தை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே போயிற்று.

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.