கம்பெனி பஸ்ஸில் வாசித்த சட்டம்

அன்புள்ள கோகிலா,

ஏரியூரில் கம்பெனி பஸ் ஏறியதும் கண் சொக்குகிறது. சோளக்காட்டுப் பனி ஜன்னலோடு கூடவே வருகிறது. நீ இப்போது பஸ்ஸில் இல்லை; ஆனாலும் அரைத் தூக்கத்தில் உன் தலை இன்னும் என் தோளில்தான் கிடக்கிறது.

அரசு ஒரு புதுச் சட்டத்துக்கு வரைவு போட்டிருக்கிறது. உடம்பு முடியாமல் லீவு எடுத்தால் சம்பளம் பிடிக்கக்கூடாது, வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்கிறது. அதைப் பற்றி யாரும் கருத்து எழுதி அனுப்பலாமாம். இன்று பஸ்ஸில் எல்லோருக்கும் வாசித்தேன்.

"டிகிரி முடிச்ச புள்ள, கொசுவுக்குக் கேக்கறாப்ல படிக்கறயே" என்றார் தீர்த்தம்மாள் அக்கா. முடித்ததும், "நல்லாத்தான் இருக்குது. கருத்து எழுதிப் போடு, எம்பேர மட்டும் போட்றாத சாமி" என்றார். பஸ்ஸே சிரித்தது.

உனக்கு நடந்ததை எழுதினேன். தையல் மெஷின் மேல் நீ மயங்கி விழுந்தாய். இரண்டு நாள் லீவு எடுத்ததற்கு உன்னை நிறுத்திவிட்டார்கள். "மயங்குனத யாராச்சும் பாத்தீங்களா?" என்று அன்று மேனேஜர் கேட்டபோது, உன் பக்கத்து மெஷினில் நான் நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்தேன் என்று இப்போது எழுதியிருக்கிறேன். கீழே என் முழுப் பெயரும் டோக்கன் நம்பரும் இருக்கின்றன. உன் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்; நீ சரி என்றால் நிரப்புவேன். அனுப்ப மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. நீ வேண்டாம் என்றாலும் என் பெயரை எடுக்கமாட்டேன்.

உன் பக்கத்து சீட்டுக்காரி