படம் மட்டும் போய்ச் சேர்ந்தது

அன்பு மகள் சேல்டனுக்கு அம்மா எழுதுவது. காலையில் சாமி அறையில் நீர்க்கிண்ணங்களை நிரப்பும்போதெல்லாம் பெர்த்தில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான், கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் திட்டித் தொலைப்பேன், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் இருமலை அடுப்புப் புகை என்றே நினைத்திருந்தோம். எச்சிலில் ரத்தம் கண்டதும் மோங்கார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்துத் தலைநகர் திம்புவுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அப்போதுதான் இன்டர்நெட்டுக்குப் புதுக் கம்பி வந்திருந்தது, நம் மருத்துவமனை, கல்லூரி, மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் எல்லாம் ஒரே வேகக் கம்பியில் திம்புவோடு சேருமாம். கம்பி இழுத்துப் பொருத்தியாயிற்று, திறக்கத்தான் ஜோசியர் நல்ல நாள் தரவில்லை. அன்றைக்கே பழைய வழியில் அனுப்பலாம் என்று படம் எடுக்கும் கெல்சாங் சொன்னாள். உன் அப்பா கேட்டால்தானே, "நல்ல நாள்ல தெறக்குற கம்பிம்மா, மொத படம் என்னோடதாப் போகட்டும், பீடை எல்லாம் கழிஞ்சிடும்" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். நானும் சரி என்றுதான் நினைத்தேன், இந்த ஊரில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? திறப்பு நாளில் லாமாக்கள் வந்தார்கள், வெண்ணெய் விளக்கு ஏற்றினார்கள், இனிப்புச் சோறு கொடுத்தார்கள், முதல் படமாக அப்பாவின் நெஞ்சுதான் போயிற்று. கெல்சாங் பொத்தானை அழுத்திய கையை எடுப்பதற்குள், "போய்ச் சேர்ந்துடுச்சு மாமா" என்றாள். அப்பா வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வெற்றிலை கொடுத்தார்.

அதோடு சரி. பதிலே இல்லை. உருளைக்கிழங்கு போட்டு, முளைத்து, களையும் எடுத்தாயிற்று. நான் கேட்கப் போகும்போதெல்லாம் கெல்சாங் தலையைக் குனிந்துகொண்டு, "படம் அங்கதான் இருக்கு மாமி, பாக்கத்தான் ஆளில்ல" என்பாள். படம் பார்த்துச் சொல்கிற டாக்டர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், மிச்சம் இருக்கிறவர் டாக்டர் ஜாம்யாங் ஒருவர்தானாம். மற்றவர்கள் எங்கே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது சேல்டன், மறைக்க மாட்டேன். இத்தனை படித்து டாக்டராகிவிட்டு அங்கே யாரையோ பெற்ற கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாய். இங்கே வாங்கிய சம்பளத்தில் உன்னால் வீட்டு வாடகை கட்ட முடியவில்லை என்பதும் தெரியும், அதனால் கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் டாக்டர் ஜாம்யாங் திரையில் பேசுவார் என்று கூப்பிட்டார்கள். அப்பா புது கோ அங்கி உடுத்தி, அதிகாரி முன்னால் போவதுபோல் வெள்ளை அங்கவஸ்திரமும் போட்டு வந்தார். திரையில் முகம் தெரிந்ததும் தரையைத் தொட்டு வணங்கினார், டாக்டர் பதறிப்போய், "ஐயோ வேண்டாம் ஐயா, உக்காருங்க" என்றார். பிறகு சொன்னார். முதலிலேயே பார்த்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாமாம், இப்போது எலும்பு வரைக்கும் போய்விட்டதாம், கொல்கத்தாவுக்கு அனுப்பினாலும் பயனில்லையாம். அப்பா திரைக்குக் கிட்டே போய், "எம் பொண்ணு உக்காந்து வேல பாத்தது இந்த அறையிலதானா?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். ஒரு நாற்காலி, அதன்மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம், "தூசி தட்டி வெக்கச் சொல்லும்மா" என்றார்.

இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. உன்னை வா என்று எழுத மாட்டேன், விசா போய்விடும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. வராதே என்று எழுதவும் மனசு வரவில்லை. அவர் போனபின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு வரை எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன், நீ அங்கே ஒரு விளக்காவது ஏற்று. குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நோயற்ற உடம்பும் கிடைக்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது கெல்சாங்தான், அவளுக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது. விமான நிலையத்துக்குப் போய் அழைத்துக்கொள், சூடாகச் சோறு போடு. அவள் இடத்துக்கு இங்கே இன்னும் யாரும் வரவில்லை, படம் எடுக்கும் அறையைப் பூட்டிவிட்டார்கள்.

உன் அம்மா,
ரின்சின் ஜோம்பா