இரண்டில் ஓர் இடம் காலி

என் தங்கையை மணந்தவனும், அதற்கு முன்பே எனக்கு நண்பனாக இருந்தவனுமாகிய மாப்பிள்ளைக்கு,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாம் இருவரும் சேர்ந்து போட்ட மெட்டை உன் ஒருவன் பெயரில் வெளியிட்டாய். அதை நான் மறக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது எழுத வரும்.

இனி செய்தி. பாட்டுப் பதிவுக்கு நாம் வாங்கிய மென்பொருளின் பழைய பதிப்புகளை அந்த நிறுவனம் கைகழுவுகிறது. இந்த மாதக் கடைசிக்குப் பிறகு அவற்றை எந்தப் புதுக் கணினியிலும் ஆக்டிவேட் செய்ய முடியாதாம். என் பழைய கணினி போன மழையில் இடி விழுந்து உயிரை விட்டது. பாட்டுகள் தனி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்த மென்பொருள் இல்லாமல் ஒன்றும் திறக்காது. நாம் பாதியில் விட்ட பாட்டும் அதில்தான்.

நம் லைசென்ஸுக்கு இரண்டே கணினி. ஓர் இடத்தைச் செத்த கணினி பிடித்திருக்கிறது, இன்னொன்றை உன்னுடையது. நிறுவனத்துக்கு எழுதினேன், பழைய சரக்குக்கு உதவி இல்லை என்று பதில் வந்தது. "என் தம்பிக்கு ஒரு போன் போட்டா உங்க கிரீடம் கீழ விழுந்துடுமா? உங்க ரோஷமெல்லாம் அந்த சர்வருக்குத் தெரியுமா? அது பாட்டுக்குக் கதவைச் சாத்திட்டுப் போயிடும்" என்றாள் உன் அக்கா, அதாவது என் மனைவி. விழும் என்றேன்.

நேற்று மாலை என் புதுக் கணினியில் சும்மா ஒருமுறை ஆக்டிவேட் செய்ய முயன்றேன். மறுத்தால் உன்னைத் திட்ட இன்னொரு காரணம் கிடைக்குமே! மாப்பிள்ளை, அது ஏற்றுக்கொண்டது! நான் போட்ட கூச்சலில் அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

நம் லைசென்ஸ் கணக்கைத் திறந்து பார்த்தேன். செத்த கணினி அப்படியேதான் இருக்கிறது. நீக்கப்பட்டது உன்னுடையது. அறிவிப்பு வந்த மறுநாளே நீக்கியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கணினி போன சேதியை உன் வீட்டுக்குக் கடத்தியது யார் என்று கேட்டால், இங்கே ஒருத்தி கூரையைப் பார்க்கிறாள்.

பாட்டு திறந்தது. எல்லா ஒலித்தடமும் அப்படியே இருக்கிறது. பல்லவி முடிந்ததும் ஒலிவாங்கியை அணைக்க மறந்து பேசியிருக்கிறாய்: "மச்சான், இந்த இடத்துல உன் கிடார்தான் பாட்டு. நான் சும்மா தொண்டை." திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வாயால் இப்படிச் சொல்லிவிட்டா என் பெயரை விட்டாய், படுபாவி!

இப்போது உன் கணினியில் இது திறக்காது. மாதம் முடிந்தால் இனி எப்போதும் திறக்காது. என் மேசையில் மட்டும்தான் திறக்கும். சரணம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. கிடாரை நேற்றே வாசித்து வைத்துவிட்டேன். போனில் பேசினால் சண்டை வரும். தங்கையையும் அழைத்துக்கொண்டு நேரில் வா. வழியில் ஐஸ் தண்ணீர் குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. இருவரும் நன்றாக இருங்கள்.

கீழே கையெழுத்துப் போட்டால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாய். அதனால் போடாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன்.