என் பக்கம் தகடு

மழையில் நனைந்த தோல் செருப்பை மகள் வாசலில் கழற்றிப் போட்டிருக்கிறாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் என் நினைவில் வந்துவிட்டீர்கள். ஆம்பூர்க்காரிக்குத் தோல் வாடை புதிதா என்று கேட்பீர்கள். இது நம் பழைய பிக்கப் வண்டியின் வாடை.

பேரணாம்பட்டிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றி வருவீர்கள். பின்னால் இடம் போதாவிட்டால் சீட்டுக்கடியிலும் திணிப்பீர்கள். உப்புத் தண்ணீர் வண்டியின் தரையை அரித்தே தின்றுவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது என் காலுக்கு நடுவே ரோடு ஓடும். வயிற்றில் பிள்ளையோடு சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

ஏழாம் மாதத்தில் சொல்லிவிட்டேன்: "இனிமே இதுல ஏற மாட்டேன். பஸ்ல போறேன்."

"வலி வந்தா பஸ்ஸு வூட்டாண்ட வருமா? இன்னாடி பேசற?" என்றீர்கள்.

மறுநாளே, தரைக்குத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க, அந்த நீளமான சீட்டைக் கழற்ற உட்கார்ந்தீர்கள். வெல்டிங் பொறி பட்டால் உள்ளே இருக்கும் தேங்காய் நார் பற்றிக்கொள்ளுமாம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, வண்டியின் பரம்பரையையே திட்டித் தீர்த்துத்தான் கழற்றினீர்கள். வேலை முடியும்வரை சீட்டு வீட்டுக்குள் கிடந்தது. நான் அதில் மகாராணி மாதிரி சாய்ந்துகொண்டு உங்களிடமே தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தும் கொடுத்தீர்கள்.

சீட்டை மாட்டிய பிறகு என் பக்கத்துத் தரையை ஓங்கி மிதித்துக் காட்டினீர்கள். புதுத் தகடு, கிண்ணென்று இருந்தது. உங்கள் பக்கம் கோணி விரித்திருந்தது. நான் என் பக்கத் தகட்டைத்தான் மிதித்துப் பார்த்தேன்.

வலி வந்த அன்று நல்ல மழை. மாதனூர் தாண்டியதும் "அய்யோ" என்றீர்கள். வலி எனக்கா உங்களுக்கா என்று எரிந்து விழுந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன். உங்கள் வலது காலில் செருப்பில்லை, குதிகாலில் ரத்தம். கோணி விலகிய இடத்தில், ஓட்டையை மூடப் போட்ட பச்சைத் தோல் மழையில் ஊறிக் கிழிந்து தொங்கியது. கீழே ரோடு தெரிந்தது.

"தகடு ஒரு பக்கத்துக்குத்தான் இருந்துச்சு. தோல் வண்டிக்குத் தோல் போட்டா இன்னா தப்பு?" என்று சிரித்தீர்கள்.

"காலே போயிருந்தா?"

"போவல இல்ல? நீ உள்ள போ."

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அழுகை, மகள் பிறந்த பிறகு வந்தது.

அந்த மகள் இப்போது கார் ஓட்டுகிறாள். ஏறும்போதெல்லாம் குனிந்து அவள் காலடியைப் பார்க்கிறேன். "இன்னாம்மா தேடற?" என்கிறாள். என் பக்கம் கெட்டியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓட்டுகிறவர்களின் பக்கத்தைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை.