இரண்டு குவளை

ஜூன் 18
கை உடைந்தது. கழுதையோடு மல்லுக்கட்டியதில் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். கழுதையின் நிலைமை இன்னும் மோசம் என்றும் சொன்னேன். தங்கச்சி நெட்டி, கிளைடின் முடிதிருத்தும் கடை வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டாள்: "கோழிக்கூண்டு ஏணியிலேருந்து விழுந்துட்டு, பாவம், கழுதை மேல பழி போடாதண்ணே!"
சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆறாம் வகுப்போடு வாத்தியார் என்னை அனுப்பிவிட்டார். அதற்குமேல் சொல்லித்தர அவரிடம் சரக்கில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு கை போதும்.
ஆனால் ஜூலை நாலுக்கு?

ஜூன் 21
இந்த ஊருக்கு ஜூலை நாலு சுதந்திர தினம் என்றால் ஊர்வலமா, தர்பூசணியா? இருபத்திரண்டு வருஷமாக இந்த வெர்லின் டக்கெட்டின் பட்டடைதான். கொல்லன் இரும்படிக்கும் பட்டடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிக்குழியில் வெடிமருந்தை நிரப்பி, மேலே இன்னொன்றை வைத்துத் திரி கொளுத்துவேன். மேல்பட்டடை தேவாலயக் கோபுரத்தைத் தாண்டிப் பறக்கும். போன வருஷம் ஒரு பருந்தைத் தட்டிவிட்டு வந்தது. டென்னசி முழுக்கத் தேடினாலும் இப்படி ஒருத்தன் கிடையாது.
இந்த வருஷம் ஹார்லன் கொளுத்துவான். நெட்டியின் மகள் லோரீனுடைய புருஷன். மர ஆலையில் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன்.

ஜூன் 27
கடையில் பத்துப் பேர் முன்னால் ஹார்லன் கேட்டான்: "எத்தனை குவளை மருந்து, மாமா?"
"ரெண்டு. தலை தட்டி ரெண்டு."
கிளைட் கத்தரியை நிறுத்தினான். "அடுத்த ஊர்க்காரன் ஒண்ணுதான் போடுறானாம்?"
"அதான் அவன் பட்டடை தவளை மாதிரி தத்துது!"
கடையே சிரித்தது. ஹார்லன் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டான்.

ஜூன் 28
இதை எவனும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன். ஒரு குவளைதான். எப்போதும் ஒன்றுதான். இரண்டாவது குவளையில், மருந்து மாதிரித் தெரிய, அடுப்புக்கரித் தூளை நிரப்பி, எல்லார் கண்ணிலும் படும்படி தூக்கிப் போவேன். குனிகிற சாக்கில் புல்லில் கொட்டிவிடுவேன்.
ஹார்லனிடம் தனியாகச் சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஜூன் 30
சொல்லவில்லை. லோரீன் கூடவே இருந்தாள். "நீங்க பக்கத்துல நிப்பீங்கல்ல மாமா?" என்றாள்.
"நான் இருக்கும்போது உனக்கென்னம்மா பயம்?"

ஜூலை 3
மைதானத்தில் அவனைத் தனியாகப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "மாமா, ஆலையில எல்லார்கிட்டயும் ரெண்டு குவளைன்னு சொல்லிட்டேன். ஒருத்தனும் நம்பலை! நாளைக்குப் பாக்கட்டும்," என்றான். முகமெல்லாம் சிரிப்பு.
கூட்டத்தைத் தள்ளி நிறுத்தும் கயிறு எங்கே கட்டுவது என்று பேசிவிட்டு வந்தேன். குவளைகள் இரண்டையும் அவனிடம் கொடுத்தேன். நாளைக் காலை, திரி வைக்குமுன் காதில் சொல்லிவிடுவேன். ஒரு நிமிஷ வேலை.

ஜூலை 4
ஊர்வலத்தில் என்னை முதல் காரில் ஏற்றினார்கள். கட்டுப்போட்ட கையாலும் கொடியாட்டினேன். மைதானத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஓடியிருக்கலாம். வழியில் நாலு பேர் கழுதைக் கதை கேட்டார்கள். சொன்னேன். சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சத்தம்.
கீழ்ப்பட்டடை பிளந்துவிட்டது.

ஜூலை 5
ஹார்லன் போய்விட்டான். கயிற்றுக்கு வெளியே நின்ற யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கயிற்றைச் சரியான தூரத்தில்தான் கட்டியிருந்தான்.

ஜூலை 9
அடக்கம் முடிந்தது. கடையில் பேசிக்கொள்கிறார்கள்: "மூணு போட்டிருப்பான். பெருமைக்கு." "பியர் வேற குடிச்சிருப்பான்." "பின்ன? வெர்லின் ரெண்டு ரெண்டா போட்டு இருபத்திரண்டு வருஷம் ஒண்ணும் ஆகலையே!"
அவன் பியரைத் தொட்டதே கிடையாது. நான் — நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 11
ஷெரிஃபிடம் போனேன். ஒரு குவளை, கரித்தூள், புல், எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"வெர்லின், செத்தவன் பேரைக் காப்பாத்த ஒரு கதை கட்டிட்டு வந்திருக்கே. பெரிய மனசுய்யா உனக்கு."
"கதை இல்லை."
"கழுதையும் கதை இல்லைன்னுதானே சொன்னே?" என்று தோளில் தட்டி அனுப்பினார்.
கிளைடிடம் சொன்னேன். அவன் கண் கலங்கி, இலவசமாக முகம் வழித்துவிட்டான்.

ஜூலை 12
லோரீன் நம்பினாள். அழவில்லை. "எப்போ சொல்றதா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வருஷம், ஜூலை 4
முதல் காருக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. வாத்தியச் சத்தம் வீடுவரை கேட்டது.
மத்தியானம் லோரீன் வந்தாள். இரண்டு தகரக் குவளைகளையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். படிக்குக் கீழேயே நின்றாள்.
"இதுல கரி கொண்டுபோனது எது?"
காட்டினேன். பிடி வளைந்த குவளை.
அதைப் படியில் வைத்தாள். மற்றதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"அது உங்களோடது, மிஸ்டர் டக்கெட்," என்றாள்.