பின்பக்க முடிச்சுகள்

அன்பு மருமகளுக்கு, உன் தாய்மாமன் எழுதுவது.

ஆறு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நீ துணியில் தைத்த மாதுளைக் கொத்தைப் பூத்தையல் கடைக்கு நானே கொண்டுபோனேன். அதைப் பார்த்துத்தானே உனக்கு அங்கே வேலை கொடுப்பார்கள்! முன்பக்கம் பிரமாதம். பின்பக்கம்தான் முடிச்சும் நூல்வாலுமாக இருந்தது. எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் நான், குறை கண்ணில் படாதா? முந்தின நாளே கத்தரி எடுத்து, ஒரு முடிச்சு விடாமல் மழமழவென்று வழித்துவிட்டேன்.

கடைக்காரம்மா எடுத்ததுமே துணியைத் திருப்பினார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் நகத்தால் சுரண்டச் சுரண்ட, மாதுளை முழுக்க நூல்நூலாக அவர் மடியில் கொட்டியது.

“முடிச்சுப் போடக்கூடத் தெரியாத பொண்ணா வேலை கேக்குது?”

“சின்னப் பொண்ணும்மா, போகப் போகக் கத்துக்கும்” என்றேன். கத்தரி விஷயத்தை எடுக்கவில்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே.

“நல்லாப் பேசுறீங்கண்ணே” என்று, வருகிறவர்களைக் கவனிக்க என்னையே வேலைக்கு வைத்துக்கொண்டார்!

உன்னையும் மறக்கவில்லை. தரையில் விழும் நூலைப் பெருக்க ஆள் வேண்டுமாம், உன்னைச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வந்துவிடு. ஊசி எதுவும் எடுத்து வராதே, அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரும்.

உன்னை எங்கேயும் விட்டுக்கொடுக்காத,
மாமா